நடந்து காட்டியவன்

என் தம்பியின் பெயரைச் சொல்லி எங்கள் வணிக வளாகத்தில் விசாரித்தால் யாருக்கும் தெரியாது. அரை இஞ்சு என்று கேட்டுப் பாருங்கள், லிஃப்ட் ஓட்டுகிறவர் முதல் ஜெராக்ஸ் கடைப் பெண் வரை கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிடுவார்கள். முதல் மாடி, பதினான்காம் எண் கடை. புதுத்துணி தைப்பதில்லை. ரெடிமேடாக வாங்கிய உடுப்பை அவரவர் உடம்புக்குச் சரிசெய்து கொடுப்பது மட்டும்தான் அவன் வேலை. யார் எதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாலும் மேலும் கீழும் ஒரு தடவை பார்ப்பான். "அரை இஞ்சு பிடிச்சா போதும்" என்பான். இருபத்தாறு வருஷமாக இதையே சொல்லிச் சொல்லி அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

நான் அவன் அக்கா, ஆறு வயது மூத்தவள். கடையின் பின்பக்கத் திரைக்கு அந்தப் பக்கம் இருக்கிற இஸ்திரி மேசை என்னுடையது. அவன் தைத்ததை நான் தேய்த்து மடித்துக் கவரில் போட வேண்டும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவன் பங்குக்கு வைத்திருந்த பேச்சையும் சேர்த்து நானே எடுத்துக்கொண்டு பிறந்துவிட்டேன் என்று அவன் பெண்டாட்டி சொல்லுவாள். இருக்கலாம். அவன் கமுக்கமான ஆள். எதையும் உள்ளேயே மடித்து வைத்துக்கொள்வான்.

தொழிலிலும் அப்படித்தான். இடுப்பைச் சின்னதாக்கச் சொல்லி யார் வந்தாலும் மிச்சத் துணியை வெட்டவே மாட்டான். உள்பக்கம் மடித்து வைத்துத் தைத்துவிடுவான். "ஏன்டா, தடிப்பா இருக்கே, வெட்டித் தொலைச்சா என்ன?" என்று கேட்டால், "உடம்பு இன்னிக்கு இளைக்கும், நாளைக்குத் திரும்பி வரும்க்கா. அப்ப துணிக்கு எங்க போறது?" என்பான். பழைய தையலைப் பிரித்து, நூல் பிசிறை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டுத்தான் புதுத் தையல் போடுவான். அவன் வேலை செய்த கால்சட்டையை உள்வெளியாகத் திருப்பினாலும் வெட்கப்பட ஒன்றும் இருக்காது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், ஒரு கோட்டின் கைமடிப்பைத் தைத்துக்கொண்டிருந்தவன் அப்படியே மெஷின்மேல் கவிழ்ந்துவிட்டான். "என்னடா, மெஷினைக் கொஞ்சுறியா?" என்று நான் கிண்டல் செய்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. மேல்வயிற்றில் கிளம்பிய வலி முதுகு வரைக்கும் துளைத்துக்கொண்டு போயிருக்கிறது. நிமிரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. குனிந்தவனைக் குனிந்தபடியே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள்.

கணையம் என்று ஒன்று உடம்பில் இருப்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். வயிற்றுக்குப் பின்னால் பதுங்கி உட்கார்ந்திருக்குமாம். சாப்பாட்டைக் கரைக்கிற நீரைச் சுரப்பதும் அதுதான், சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் அதுதான். அது வீங்கிப் புண்ணாகிக் கிடக்கிறது என்றார் டாக்டரம்மா. அதற்கு முன்னால் அவர் கேட்ட முதல் கேள்வி, "குடிப்பாரா?"

டாக்டர் கேட்பது அவர் வேலை, அதில் எனக்கு வருத்தமில்லை. சீட்டு எழுதுகிறவர் கேட்டார். ஊசி போட வந்த நர்ஸ் கேட்டாள். பக்கத்துப் படுக்கைக்காரனின் மாமியார் கேட்டாளே, அது யார் வேலை? என் தம்பி வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. ஒரு நாளைக்கு இரண்டு சிகரெட் பிடிப்பான். அதை இனித் தொடவே கூடாது என்று டாக்டரம்மா சொன்னதும் அந்தக் கட்டிலிலேயே விட்டுவிட்டான். "எல்லாருக்கும் குடியால வர்றதில்லம்மா. பித்தப்பைக் கல்லால வரும், பரம்பரையா வரும். சிலருக்கு என்ன தேடினாலும் காரணம் கிடைக்காது. உங்க தம்பி அந்தக் கடைசி ரகம்" என்று பரிசோதனைகள் முடிந்தபின் அவரே சொன்னார். இதை ஒரு பலகையில் எழுதிக் கடை வாசலில் மாட்டலாமா என்று எனக்கு இருந்தது.

மாட்டியிருக்க வேண்டும். அவன் திரும்பி வந்த வாரத்திலேயே பேச்சு கிளம்பிவிட்டது. கணையம் என்றால் குடி. குடிக்காதவனுக்குக் கணையம் எப்படிக் கெடும்? வளாகத்துக்கு எதிரே இருக்கிற டீக்கடைதான் இந்த ஆராய்ச்சிக்குத் தலைமையகம். பதினைந்து வருஷ வாடிக்கைக்காரர் ஒருவர், இன்சூரன்ஸ் ஆபீஸில் அதிகாரி, சரிசெய்யக் கொடுத்திருந்த கோட்டைத் திரும்பக் கேட்டு வந்தார். "உடம்பு சரியானப்புறம் குடுக்கிறேன். கோட்டு வேலை பாருங்க, கை நடுங்கினா ஆகாது" என்றார். மகா நல்லவர், குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். கடையில் இருந்த நாலு பேருக்கும் கேட்டது. நான் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். தம்பி கண்ணாலேயே என்னை நிறுத்திவிட்டான். கோட்டை அழகாக மடித்துப் பையில் போட்டு இரண்டு கையாலும் நீட்டினான். கை நடுங்கவில்லை. அதை அந்த மனிதர் பார்க்கவில்லை.

அடுத்த ஒன்றரை வருஷத்தில் இன்னும் இரண்டு தடவை அதே வலி, அதே வார்டு. இது நாள்பட்ட நோய் ஆகிவிட்டது, இனி கூடவே இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். கொழுப்பில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை சாப்பிட வேண்டும். ஒவ்வொரு வேளையும் முதல் வாயோடு செரிமான மாத்திரை போட வேண்டும். சர்க்கரையும் வந்து சேர்ந்தது, இன்சுலின் ஊசி. இவ்வளவையும் சொன்ன டாக்டரம்மா கடைசியில், "நடங்க" என்றார். "அவசரம் வேண்டாம். சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழிச்சு பத்து நிமிஷம். போகப் போகக் கூட்டிக்கலாம். வலிச்சா நிறுத்திடணும். வெறும் வயித்துல நடக்கக் கூடாது. வாரம் ஒரு தடவை எடை பாருங்க, குறைஞ்சா உடனே என்கிட்ட வாங்க."

இத்தனை வார்த்தையில் என் தம்பி காதில் விழுந்தது முதல் வார்த்தை மட்டும்தான்.

மறுவாரமே ஆரம்பித்துவிட்டான். அவன் பெண்டாட்டிக்கு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிற வேலை, காலை ஷிப்டு. நாலரைக்கே வேன் வந்துவிடும். அவள் போனதும் இவன் எழுந்து, குளித்து, தேய்த்த முழுக்கைச் சட்டையும் கால்சட்டையும் ஷூவும் போட்டுக்கொண்டு ஐந்தரைக்குத் தெருவில் இறங்கிவிடுவான். ஊசியைப் போட்டுக்கொள்வான், ஒரு வாய் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டால்தானே வலி வருகிறது, சாப்பிடாமல் நடந்தால் வராது என்று அவனுக்கு ஒரு கணக்கு. நடை கூடக் கூட, சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டே வந்தான். வளாகத்தைச் சுற்றி, பஸ் நிறுத்தம் தாண்டி, இன்சூரன்ஸ் அதிகாரி குடியிருக்கிற தெரு வழியாக, டீக்கடை முன்னால் திரும்பி வருவான். பத்து நிமிஷம் அரை மணி ஆனது, அரை மணி ஒன்றேகால் மணி ஆனது.

ஊர் வாய் மாறியது. "அரை இஞ்சு பத்து வயசு குறைஞ்சுட்டாரே" என்றார்கள். "தொப்பை போயே போச்சு. எங்க வீட்டுக்காரருக்கும் சொல்லுங்களேன்" என்றாள் ஜெராக்ஸ் கடைப் பெண். அவன் சட்டை தோளில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது, கால்சட்டை இடுப்பில் சிக்கென்று நின்றது. ஊரைச் சொல்லுவானேன்? "மாப்பிள்ளை மாதிரி இருக்கேடா" என்று நானும்தான் சொன்னேன். அவன் சிரித்தான். கோட்டு போன நாளிலிருந்து அவன் சிரித்து நான் பார்க்கவில்லை, அதனால் அந்தச் சிரிப்பை நோண்டிப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

எடை? கீழே மருந்துக்கடை மெஷினில் பார்த்துவிட்டேன் என்பான், அறுபத்தொன்று என்பான். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய தேதி வந்தால் டாக்டரம்மா லீவு என்பான். நாங்களும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தோம்.

ஒரு வியாழக்கிழமை அவன் நூல் வாங்க வெளியே போயிருந்தான். அவன் மாற்றுடை வைக்கிற பையில் ஒரு கால்சட்டை கசங்கிக் கிடந்தது. சில மாதமாகத் தன் துணியை என்னிடம் கொடுக்காமல் தானே தேய்த்துக்கொண்டிருந்தான். எனக்கு வேலை வைக்க வேண்டாம் என்று நினைக்கிறான் போலிருக்கிறது என்று நானும் விட்டிருந்தேன். அன்றைக்கு மேசை காலியாக இருந்தது, சூடும் ஏறியிருந்தது, எடுத்துத் தேய்க்கலாம் என்று உள்பக்கம் திருப்பினேன்.

பின்பக்க நடுத்தையலில் துணி கட்டையாக மடிந்து கிடந்தது. விரித்துப் பார்த்தேன். ஒரு தையல். அதற்கு அரை இஞ்சு தள்ளி இன்னொன்று. அதற்கு அரை இஞ்சு தள்ளி இன்னொன்று. ரூல் போட்ட நோட்டு மாதிரி, முதல் கம்பெனித் தையலை விட்டு ஐந்து வரிசை, ஒவ்வொன்றுக்கும் இடுப்பில் ஒரு இஞ்சு. ஊருக்கெல்லாம் பழைய தையலைப் பிரித்துவிட்டுப் புதுசு போடுகிறவன், தனக்கு அதைக்கூடச் செய்யாமல் அவசர அவசரமாகப் பிடித்துக்கொண்டே போயிருக்கிறான். முப்பத்துநாலு இஞ்சு இடுப்பு இருபத்தொன்பதுக்கு வந்திருந்தது. உடம்பு உருக உருக அதைத் துணியில் சரிக்கட்டி, கச்சிதமாக இருக்கிறான் என்று எங்களையே சொல்ல வைத்திருக்கிறான். இருபத்தாறு வருஷமாகத் தையலைத் தேய்க்கிறவள் நான், என் கண்ணிலேயே மண்ணைத் தூவியிருக்கிறான்.

அவன் திரும்பி வந்தபோது ஒரு கல்யாணப் பெண்ணும் அவள் சித்தியும் அளவு பார்க்க வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் எப்படிக் கேட்பது என்று வாயை மூடிக்கொண்டேன். ஊருக்கே தெரிந்த என் வாய் கேட்க வேண்டிய அன்றைக்கு மூடிக்கொண்டது. சாயங்காலம் அவன் பெண்டாட்டிக்கு போன் செய்து சொன்னேன். "கையைப் பிடிச்சா மணிக்கட்டு எலும்பு தட்டுது அண்ணி. கேட்டேன். நடக்கிறேன்ல, கொழுப்பு கரையுதுன்னாரு. நான் நம்பிட்டேன்" என்றாள். மறுநாள் அவள் லீவு போடுவது, இரண்டு பேருமாகப் பத்து மணிக்கு அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவது என்று முடிவு செய்தோம். முன்கூட்டிச் சொன்னால் நழுவிவிடுவான் என்று அவனிடம் சொல்லவில்லை. லீவைத் தொழிற்சாலைக்குப் போய் எழுதிக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பதால் அவள் வழக்கம்போல நாலரை வேனில் போனாள். அவனும் வழக்கம்போல ஐந்தரைக்கு இறங்கினான்.

அன்றைக்கு நடந்ததை எங்களுக்குச் சொன்னது அந்தத் தெருவைப் பெருக்குகிற அம்மா. பஸ் நிறுத்தத்தைத் தாண்டும்போதே அவன் கால் பின்னியிருக்கிறது. டீக்கடை முன்னால் வந்து நின்று, "தண்ணி... தண்ணி" என்று கேட்டிருக்கிறான். நாக்கு குழறியிருக்கிறது, சட்டை வேர்வையில் நனைந்திருக்கிறது. பெஞ்சில் இருந்த ஒருவன், "விடிஞ்சும் விடியாம இவ்வளவு போட்டாச்சு, இன்னும் தண்ணி வேணுமாம்" என்றிருக்கிறான். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீர், அதைத்தான் கேட்டான். அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தம் இருந்ததால் அவனுக்கு அது கிடைக்கவில்லை.

"நானும் அப்படித்தான்மா நினைச்சேன்" என்றார் அந்த அம்மா. "ஆனா கால்சட்டை மடிப்பு கத்தி மாதிரி நிக்குது. போட்டுட்டு வர்றவன் உடுப்பு இப்படியா இருக்கும்? கிட்டப் போய்ப் பார்த்தேன், வாடையும் இல்ல. உக்காருய்யான்னேன். உக்கார மாட்டேங்கிறாரு. கால் நிக்கல, விளக்குக் கம்பத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. உக்கார மாட்டேன், உக்கார மாட்டேன்னு அதையேதான் சொல்றாரு."

அவர் வீட்டுக்காரருக்கும் சர்க்கரையாம், அது இறங்கினால் இப்படித்தான் ஆவாராம். அதனால் கையோடு கொண்டுவந்த டீயில் டீக்கடை டப்பாவில் இருந்த சர்க்கரையைக் கொட்டிக் கலக்கி, முழுங்குகிறானா என்று பார்த்துப் பார்த்து வாயில் ஊற்றியிருக்கிறார். அந்த அம்மா கிட்டப் போகாமல் இருந்திருந்தால் இந்தக் கதையை நான் வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருப்பேன்.

அங்கிருந்து நேராகக் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். நாற்பத்தைந்தரை. டாக்டரம்மா கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "உங்களுக்கு வந்திருக்கிற சர்க்கரை மத்தவங்க சர்க்கரை மாதிரி இல்ல" என்றார். "சர்க்கரையை இறக்குற சுரப்பும் கணையத்துலதான், இறங்கினா தூக்கி விடுற சுரப்பும் அதுலதான். உங்களுக்கு ரெண்டும் வத்திப் போச்சு. ஊசியைப் போட்டுட்டு வெறும் வயித்தோட ஒரு மணி நேரம் நடந்தா, கீழ விழுற சர்க்கரையைத் தூக்க உள்ள ஆளே கிடையாது. கரைஞ்சது கொழுப்பும் இல்ல. சதை. நல்ல சதையை நடந்து நடந்து எரிச்சிருக்கீங்க."

"அப்போ இனிமே நடக்கவே வேண்டாமா டாக்டர்?" என்று அவன் பெண்டாட்டி கேட்டாள்.

"நடக்காம இருந்தாலும் சதை போகும்மா. நடந்தே ஆகணும். ஆனா எங்க நிறுத்தணுமோ அங்க நிறுத்தணும். கண் இருட்டினா, கை உதறினா, வலி கிளம்பினா, அடுத்த அடி வைக்காம அந்த இடத்துலயே உக்காரணும். இன்னொரு தடவை கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது." அவனைப் பார்த்தே சொன்னார்.

நாலு நாள் கழித்து, உடம்பு கொஞ்சம் தேறியதும், பிசியோ செய்கிற பெண் வந்தாள். குட்டையாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தாள். வார்டு வராந்தாவில் அவனை நடக்கச் சொன்னாள். எப்போது முடியவில்லையோ அப்போது உட்கார்ந்துகொள்ளலாம் என்றாள். இவன் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு நடந்தான். பாதி தூரத்தில் கை வயிற்றுக்குப் போனது, உடனே இறங்கியது. கடைசி வரைக்கும் போய், அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தான். முகம் வெளுத்திருந்தது.

"நாலாவது ஜன்னல்லயே வலிச்சுதுல்ல? ஏன் உக்காரல?" என்று கேட்டாள்.

"அங்க நாற்காலி இல்லம்மா."

"தரை இருந்துச்சே சார்."

அவன் வராந்தாவைப் பார்த்தான். பார்வையாளர் நேரம், பத்துப் பதினைந்து பேர் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். "இத்தனை பேர் இருக்காங்களே" என்றான்.

"நீங்க நடக்கல சார், நடந்து காட்டுறீங்க" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை, நோயின் பெயரைச் சொல்வது மாதிரி சொன்னாள். "ரெண்டும் வேற. நடங்க. யாருக்கும் நடந்து காட்டாதீங்க."

அவன் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று நாலு நாளாக எனக்குத் தொண்டை வரைக்கும் வந்து நின்றிருந்தது. இந்தப் பெண் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அவள் போனபின் தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினான். "காட்டத்தான்க்கா போனேன். குடிகாரன் விடியக்காலைல எழுந்து, குளிச்சு, தேய்ச்ச சட்டை போட்டுக்கிட்டு நேரா நடப்பானா? பார்த்துக்கட்டும்னு போனேன். எடை இறங்கிச்சு. தெரிஞ்சா நீங்க நிறுத்திடுவீங்க. நிறுத்தினா, பாரு மறுபடி படுத்துட்டான்னு சொல்லுவாங்க. அதான் பிடிச்சுப் பிடிச்சுத் தைச்சேன்." அவன் பெண்டாட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அழுதேன். வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

அதற்கப்புறம் வந்த மாதங்கள் மெதுவாகப் போயின. முதல் ஒரு மாதம் தெருவுக்கே விடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்து தடவை. சுவரில் கையூன்றித் தள்ளுவது எட்டு தடவை. ரப்பர் பட்டையை இரண்டு கையாலும் இழுப்பது. பட்டையைக் கையில் வாங்கியதும், "எலாஸ்டிக் மட்டம், மூணு மாசம் தாங்காது" என்று தீர்ப்பு சொன்னான். வலி வந்த நாளில் எதுவும் கிடையாது, டாக்டரம்மாவுக்கு போன்தான். துணிக்கட்டு தூக்கக் கூடாது. அதெல்லாம் என் தலையில் விழுந்தது. ஆறு வேளைச் சாப்பாட்டுக்குக் காவல் இருந்ததில் நான் இரண்டு சுற்று பெருத்தேன். எடை மெஷினை வீட்டிலேயே வாங்கி வைத்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் அவன் பெண்டாட்டியே எண்ணைப் படிப்பாள். நாற்பத்தாறு. நாற்பத்தாறு. நாற்பத்தாறரை. இடையில் ஒரு வாரம் மறுபடி இறங்கி எங்கள் உயிரை வாங்கியது. நாற்பத்தெட்டு வந்த அன்றைக்கு, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிஷம் தெருவில் நடக்கலாம், கூட ஒரு ஆள் போக வேண்டும் என்று அனுமதி கிடைத்தது.

கூடப் போகிற ஆள் நான்தான். சர்க்கரை பார்க்கிற கருவி, குளுக்கோஸ் வில்லை, தண்ணீர் பாட்டில், எல்லாம் என் பையில். அவனுக்கு எது நடந்தாலும் உட்கார வேண்டிய இடத்தில் உட்காருவானா என்ற ஒரே கேள்விதான் என் மனசில். வராந்தாவில் உட்காராதவன் தெருவில் உட்காருவானா? நாற்காலி இல்லாத இடத்தில், ஆள் பார்க்கிற இடத்தில்? உட்காரவில்லை என்றால் இன்னொரு பெருக்குகிற அம்மாவை நான் எங்கே போய்த் தேடுவேன்? ஒவ்வொரு நாளும் இதே பயத்தோடு கிளம்பி, ஒன்றும் ஆகாமல் திரும்பி வந்தோம். இரண்டு வாரம் அப்படிப் போனது.

மூன்றாவது வாரம், ஒன்பதரை மணி. வெயில் ஏறியிருந்தது. வளாகத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். டீக்கடைக்கு நேர் எதிரே வந்தபோது அவன் நடை குறைந்தது. திரும்பிப் பார்த்தேன். மேலுதட்டில் வேர்வை, விரல் உதறிக்கொண்டிருந்தது. பெஞ்சில் ஆறேழு பேர் இருந்தார்கள். இன்சூரன்ஸ் அதிகாரி கையில் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். எல்லாரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் பத்தடிடா" என்றேன். "அந்த மூலை திரும்பிடு. அங்க நிழல் இருக்கு. யாரும் இல்ல."

சொன்னது நான். பையில் குளுக்கோஸ் வைத்திருந்தவள், பல்லைக் கடித்துக்கொண்டு அவன் முழங்கையைப் பிடித்து இழுத்தவள், நான்.

அவன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டான். "இல்லக்கா. இங்கதான்" என்றான்.

உட்கார்ந்தான். நடைபாதை ஓரத்தில், புழுதியில், தேய்த்த கால்சட்டையோடு, காலை நீட்டி உட்கார்ந்தான். என்னைப் பார்த்துக் கை நீட்டினான். கருவியைக் கொடுத்தேன். அவனே விரலைக் குத்திப் பார்த்தான். "அம்பத்தெட்டு" என்றான். எழுபதுக்குக் கீழே இறங்கக் கூடாது. வில்லைகளை வாயில் போட்டு மென்றான். டீக்கடையிலிருந்து யாரோ ஏதோ சொல்ல, யாரோ சிரித்தார்கள். சொன்னது இவனைத்தானா என்றுகூடத் தெரியவில்லை. இவன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை, தலையைக் குனிந்துகொள்ளவும் இல்லை. நிதானமாக மென்றுகொண்டிருந்தான்.

நான் எங்கே இருந்தேன் என்று சொல்ல வேண்டும். அவனிடமிருந்து நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி, தெருவின் அந்தக் கோடியைப் பார்த்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தேன். எப்போது அப்படித் தள்ளிப் போனேன் என்று எனக்கே தெரியாது. அவனைக் குடிகாரன் என்றவர்களை மூன்று வருஷமாக வாய்க்கு வந்தபடி திட்டியவள் நான். என் கால் நாலடி தள்ளிப் போயிருந்தது.

அவன் பார்த்தான். பார்த்தது எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் இருந்த புழுதியை உள்ளங்கையால் தள்ளிவிட்டான்.

"பதினஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான் மறுபடி பார்க்கணும்க்கா" என்றான். "அது வரைக்கும் நின்னா கால் வலிக்கும். உக்காரு."

உட்கார்ந்தேன்.